மிலிட்டரி ஆட்சி வந்தா எல்லாம் சரியாயிடுமா? பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களின் கதை

மதுரையைத் தாண்டித் தெற்கே போகும் நான்குவழிச் சாலையில் இருக்கிறது கப்பலூர் டோல்கேட். பண்டிகை நாளில் அங்கே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போதும் சரி, பக்கத்து டீக்கடையில் பேப்பர் புரட்டும்போதும் சரி, ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும். "இந்த நாட்டுக்கெல்லாம் மிலிட்டரி ஆட்சிதாண்ணே லாயக்கு. ஒரு அஞ்சு வருஷம் விட்டுப் பாருங்க, எல்லாம் தன்னால வழிக்கு வந்துரும்!"

இதைச் சொல்பவர் கெட்டவர் இல்லை. பட்டா மாற்ற ஆறு தடவை அலைந்தவராக இருப்பார். குண்டும் குழியுமான தெருவைப் பற்றி மனுக் கொடுத்து ஓய்ந்தவராக இருப்பார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், அவர் கேட்கும் மருந்தை ஏற்கெனவே குடித்துப் பார்த்த தமிழர்கள் உண்டு. அவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நம் தென்மாவட்டங்களில்தான் வாழ்கிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் என்று நாம் சொல்கிறோமே, அவர்கள்தான்.

கப்பலூரில் இன்று கப்பல் கிடையாது. சிட்கோ தொழிற்பேட்டையும் தியாகராசர் மில்லும்தான் ஊருக்கு அடையாளம். இங்கிருந்து அதே சாலையில் தெற்கே போனால் விருதுநகர். அங்கே எண்ணெயில் பொரித்த பரோட்டாவுக்குப் பேர்போனது 'பர்மா கடை'. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றிச் சாப்பிடுகிறோம். அந்தப் பெயரில் வரும் நாட்டில் நம்மவர்களுக்கு என்ன நடந்தது என்று யோசிப்பதில்லை.

குப்பை அள்ளி நல்ல பெயர் வாங்கிய ராணுவம்

பர்மா நமக்கு அந்நியமான நாடு இல்லை. 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. செட்டிநாட்டிலிருந்து லேவாதேவித் தொழிலுக்கும், ராமநாதபுரம், தஞ்சாவூர் பக்கமிருந்து வயல்வேலைக்கும் துறைமுகக் கூலிக்கும் ஆட்கள் கப்பலேறினார்கள். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். காரைக்குடி பக்கத்து வீடுகளின் தேக்குத் தூண்களைத் தட்டிப் பாருங்கள், பாதி பர்மாவிலிருந்து வந்தவை. 1942-ல் ஜப்பான் படையெடுத்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு, மலை தாண்டி நடந்தே ஓடிவந்தார்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம் பேர். அப்படியும் போர் முடிந்ததும் திரும்பிப் போனவர்களும், கடைசிவரை அங்கேயே இருந்தவர்களும் நிறைய. அதுதான் அவர்களுக்கு ஊர்.

1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. பிரதமர் ஊ நூ. பக்தியான மனிதர், மக்களுக்குப் பிடித்தவர். ஆனால், ஆளும் கட்சிக்குள் ஓயாத சண்டை. நாட்டின் பல மூலைகளில் கிளர்ச்சி வேறு. 1958-ல் கட்சி இரண்டாக உடைந்தது. 'இவர்களால் ஆகாது' என்ற பேச்சு ரங்கூன் டீக்கடைகளிலும் கிளம்பியிருக்கும்தானே?

அந்த நேரத்தில் ராணுவத்தின் நெருக்குதல் பின்னணியில் இருக்க, ஊ நூவே ஆட்சியைத் தளபதி நே வின்னிடம் ஒப்படைத்தார். ஆறு மாதத்துக்குக் காபந்து அரசு, நிலைமை சீரானதும் தேர்தல் என்று ஏற்பாடு. 1958 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடுதான் இது நடந்தது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

வந்த ராணுவம் சுறுசுறுப்பாக வேலை செய்தது. ரங்கூனில் மலைபோல் குவிந்திருந்த குப்பையை அள்ளியது. குடிசைகளை அகற்றியது. விலைவாசியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. ஆறு மாதம் என்று தொடங்கியது ஒன்றரை ஆண்டு நீண்டாலும், சொன்னபடி 1960-ல் தேர்தல் நடத்தியது. ஊ நூ ஜெயித்தார். நே வின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாசறைக்குப் போனார்.

இந்த இடம்தான் முக்கியம். ஒரு தடவை சாவியை வாங்கி, ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்த ஆள் மேல் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? 'ராணுவம் வந்தால் சுத்தம் வரும், வேலை முடிந்தால் போய்விடும்' என்ற எண்ணம் மக்கள் மனதில் உட்கார்ந்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில் நே வின் மறுபடியும் வந்தார். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை.

ஹாஸ்டல் கேட்டில் தொடங்கிய துப்பாக்கிச் சூடு

1962 மார்ச் 2, விடிகாலை. ரங்கூனில் ஊ நூ, அமைச்சர்கள், மாநில சுயாட்சி பற்றிப் பேச வந்திருந்த ஷான் தலைவர்கள் என்று எல்லோரையும் ராணுவம் வளைத்தது. முதல் ஜனாதிபதியின் 17 வயது மகன் சுட்டுக் கொல்லப்பட்டான். மற்றபடி பெரிய ரத்தம் இல்லை. ரேடியோவில் அறிவிப்பு வந்தது. நாடாளுமன்றமும் அரசியல் சட்டமும் போயின. 'புரட்சி கவுன்சில்' வந்தது. ஆட்சியை அழைத்துக் கொடுத்த ஊ நூ நான்கு ஆண்டுகளுக்கு மேல் காவலில் இருந்தார்.

பாகிஸ்தானிலும் இதே கதைதான். 1958 அக்டோபர் 7-ல் ராணுவச் சட்டத்தை அறிவித்து அயூப் கானைக் கூப்பிட்டவர் ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்சா. 20 நாளில் மிர்சாவையே நாட்டை விட்டு அனுப்பிவிட்டார் அயூப் கான். சிலியில் 1973 ஆகஸ்டில் பினோசெட்டைத் தளபதியாக நியமித்தவர் ஜனாதிபதி அயெந்தே. மூன்றே வாரத்தில், செப்டம்பர் 11 அன்று, அயெந்தேவின் மாளிகை மேல் குண்டு விழுந்தது.

பர்மாவில் அடுத்து மாட்டியவர்கள் மாணவர்கள். ராத்திரி 8 மணிக்கு ஹாஸ்டல் கேட்டைப் பூட்டுவோம் என்று புது விதி வந்தது. ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். 1962 ஜூலை 7-ல் ராணுவம் சுட்டது. அரசுக் கணக்குப்படி 15-க்கு மேல் ஒரு உயிர்கூட இல்லை. பார்த்தவர்கள் சொன்னது அதைவிட எத்தனையோ மடங்கு. மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆங் சான் மாணவராக இருந்து வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசிய கட்டடம் அது. வெள்ளைக்காரன்கூட அதை இடிக்கவில்லை.

பிறகு பத்திரிகைகள். 'தி நேஷன்' என்ற முக்கியமான ஆங்கில நாளிதழ் 1963-ல் மூடப்பட்டது, ஆசிரியர் எட்வர்ட் லா-யோன் சிறைக்குப் போனார். 1964 மார்ச்சில் ஆளும் கட்சியைத் தவிர எல்லாக் கட்சிகளுக்கும் தடை. இனி கேள்வி கேட்க நாடாளுமன்றமும் இல்லை, எழுதப் பத்திரிகையும் இல்லை, கூட்டம் போடக் கட்சியும் இல்லை. அதற்குப் பிறகுதான் தமிழர்களின் கதவு தட்டப்பட்டது.

ஒரே நாளில் காகிதமான பணம்

1963 பிப்ரவரியில் எல்லா வங்கிகளும் அரசுடைமை. 1964 மார்ச்சில் மொத்த வியாபாரமும் பெரிய கடைகளும் அரசுடைமை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அரசு ஆள் வந்து உட்கார்ந்தார். கடை வைத்திருந்தவர்களில் இந்தியர்களும் சீனர்களும்தான் அதிகம். 'வெளிநாட்டுச் சுரண்டல்காரர்களை ஒழிக்கிறோம்' என்று சொன்னபோது பர்மியர்களில் பலருக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் வட்டிக்கடைக்காரர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்களிடம் போய்ச் சேர்ந்தது. நிலம் இழந்தவனின் வயிற்றெரிச்சல் நிஜமானது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் சர்வாதிகாரி அறுவடை செய்தார். ஆனால், அடி விழுந்தது வட்டிக்கடை முதலாளிகள் மேல் மட்டுமில்லை. பெட்டிக்கடைக்காரர், டீக்கடைக்காரர், தையல்காரர், மூட்டை தூக்கியவர், வயல்வேலை செய்தவர் என எல்லோர் மேலும் விழுந்தது.

1964 மே 17. 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. கியாட் என்பது பர்மா பணம். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது, ஊருக்கு அனுப்ப வைத்திருந்தது என எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த தொகை முழுசாகத் திரும்பி வரவில்லை. திடீரென நோட்டு செல்லாது என்றால் வீட்டுக்குள் என்ன பதற்றம் வரும் என்று 2016-ஐப் பார்த்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட முடிந்தது. 2023 ஜனவரியில் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தபோதும், ஐந்து நீதிபதிகளில் ஒருவர் அதற்கு மாறாக எழுத முடிந்தது. ரங்கூனில் அன்று கேட்பதற்குக்கூட ஓர் இடம் இல்லை.

கடை போச்சு, பணம் போச்சு, குடியுரிமைக் காகிதமும் பலரிடம் இல்லை. இந்திய அரசு கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பியது. பணத்தையும் நகையையும் கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு. வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்ததை விட்டுவிட்டு, மாற்றுத்துணி மூட்டையோடு குடும்பங்கள் கப்பலேறின. தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்து சேர்ந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு அருகில். ஊர் ஊராகப் 'பர்மா காலனி' முளைத்தது. 1969-ல் சென்னையில் பர்மா பஜார் வந்தது. அதே ஆண்டு, தாயகம் திரும்பியவர்களுக்காகவே ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது.

வந்த இடமும் உடனே சொந்த ஊராகிவிடவில்லை. பேசும் தமிழில் பர்மிய வாடை அடிக்கிறது என்று கேலி. பழகிய மழையும் மரமும் இல்லை. சிலர் பொறுக்க முடியாமல் நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்கு வந்தது, தன் வீட்டுக்கும் வந்தது

தமிழர்கள் கப்பலேறியபோது வேடிக்கை பார்த்த பர்மியர்களுக்கு என்ன ஆனது? கடைகளை எடுத்த அரசுக்குக் கடை நடத்தத் தெரியவில்லை. உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்த நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1987 செப்டம்பரில் நே வின் மறுபடியும் நோட்டுகளைச் செல்லாததாக்கினார். இந்த முறை 25, 35, 75 கியாட். ஒரு பைசா ஈடு கிடையாது. பதிலுக்கு வந்த புது நோட்டுகள் 45-ம் 90-ம். நே வின்னுக்கு ராசியான எண் 9 என்பதால் அப்படி! படிப்புச் செலவுக்கு வைத்திருந்த பணம் காகிதமானதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தத் தீ 1988 ஆகஸ்ட் 8 எழுச்சியாக வெடித்தது. அதையும் ராணுவம் துப்பாக்கியால்தான் அணைத்தது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

1964-ல் அடுத்தவன் நோட்டுதானே என்று இருந்தவர்களுக்கு, 23 ஆண்டுகள் கழித்துத் தங்கள் நோட்டுக்கே அந்தக் கதி.

1990-ல் தேர்தல் நடந்தது. ஆங் சான் சூகியின் கட்சி 485 இடங்களில் 392-ஐ அள்ளியது. ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவே இல்லை. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த வாரமே, புயல் அதிகம் பாதிக்காத பகுதிகளில் புது அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் தேர்தல் இல்லாமலே ராணுவத்துக்கு என்பது அந்தச் சட்டம். சட்டத்தைத் திருத்த முக்கால்வாசிக்கு மேல் ஓட்டு வேண்டும். ஆக, ராணுவம் தலையாட்டாமல் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

2021 பிப்ரவரி 1-ல் தேர்தலில் மோசடி என்று சொல்லி மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 'ஓராண்டுக்கு மட்டும் அவசரநிலை' என்றார்கள். பிறகு ஆறு ஆறு மாதமாக நீட்டித்துக்கொண்டே போனார்கள். 1958-ல் கேட்ட அதே 'கொஞ்ச நாளைக்கு மட்டும்'தான். மறுநாளிலிருந்து ராத்திரி 8 மணிக்கு வீடு வீடாகப் பெண்கள் பாத்திரத்தைத் தட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தெருவுக்குக் குறுக்கே கைலிகளைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். பெண்கள் கட்டும் துணிக்கு அடியில் போனால் ஆகாது என்று நம்பும் சிப்பாய்கள் அங்கேயே நின்றார்கள். அடுப்படியில் இருந்ததையெல்லாம் ஆயுதமாக்கிப் பார்த்தார்கள். ஆனால், காலம் ரொம்பவே கடந்திருந்தது.

சீருடை இல்லாமலும் வரும்

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அது பர்மா, நம்ம ஊர்ல ராணுவம் அப்படிப் பண்ணாது' என்று தோன்றலாம். உண்மைதான். இந்திய ராணுவம் ஒரு நாளும் ஆட்சிக்கு ஆசைப்பட்டதில்லை. மதுரை, தேனி, விருதுநகர் பக்கம் தெருவுக்கு ஒரு ராணுவ வீரர் வீடு இருக்கும். அந்த மரியாதை என்றும் உண்டு. ஆனால், அது தற்செயலாக அமைந்ததில்லை. முப்படைக்கும் மேலே ஒரே தலைமைத் தளபதி என்ற வெள்ளைக்காரக் காலத்து அதிகாரம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1955-ல் அந்தப் பதவிப் பெயரே எடுக்கப்பட்டு, மூன்று படைக்கும் மூன்று தளபதிகள் என்றானது. டெல்லியில் தலைமைத் தளபதி குடியிருந்த தீன்மூர்த்தி மாளிகையில் பிரதமர் நேரு குடியேறினார். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று ஊருக்கே தெரிந்தது.

ஆனால், சர்வாதிகாரத்துக்குச் சீருடை கட்டாயம் இல்லை. பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். அங்கே ராணுவ ஆட்சி வரவே இல்லை. ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம்தான் 1948-ல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு ஓட்டுரிமையும் போனது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். அந்த மக்களிடம் கேட்காமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. பர்மாவிலிருந்து கப்பல் வந்த அதே ஆண்டு!

இந்தியாவிலும் 21 மாதம் நடந்தது. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை எமர்ஜென்சி. ரயில் நேரத்துக்கு வருகிறது, ஆபீஸில் ஆட்கள் சீட்டில் இருக்கிறார்கள் என்று அன்றும் பலர் மெச்சினார்கள். உள்ளே நடந்தது வேறு. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ல் கருணாநிதி தலைமையிலான அரசு கலைக்கப்பட்டது. மிசா சட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் கைது. சென்னை மத்தியச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்துபோனார். பத்திரிகைகளுக்குத் தணிக்கை, யார் யார் கைதானார்கள் என்று செய்தி போட முடியாது. 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்று அண்ணா சமாதிக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலை 'முரசொலி' வெளியிட்டது. தணிக்கை அதிகாரிக்கு அது சாதாரண அறிவிப்பு. படித்தவர்களுக்கு அது சிறையில் இருப்பவர்களின் பட்டியல்.

1976-77-ல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்கள். வட மாநிலங்களில் ஆட்களைப் பிடித்துக் கொண்டுபோய்ச் செய்த கொடுமைகளும் அதில் அடக்கம். 1977 மார்ச்சில் அந்த மாநில மக்கள் இந்திரா காந்தியைத் தோற்கடித்தார்கள். தமிழ்நாடு என்ன செய்தது தெரியுமா? இங்கே 39 தொகுதிகளில் 34-ஐ இந்திரா காங்கிரஸ் இருந்த கூட்டணிக்கே கொடுத்தோம். அதற்கு உள்ளூர் அரசியல் காரணங்கள் பல. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. எமர்ஜென்சியின் சூடு இங்கே பெரும்பாலான வீட்டு வாசல்களைத் தொடவில்லை. ரங்கூனில் 1964-ல் பர்மியர்கள் இருந்த இடத்தில் 1977-ல் நாமும் கொஞ்சம் இருந்தோம்.

பாடம் படித்தவர்கள்

அடிபட்டுத் தேறிய நாடுகளும் உண்டு. அர்ஜென்டினாவில் 1976-ல் ராணுவ ஆட்சி வந்தது. பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் காணாமல்போனார்கள். 1977 ஏப்ரல் 30-ல் 14 அம்மாக்கள் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தில் கூடினார்கள். 'கூட்டம் கூடாதே, நகரு' என்றது போலீஸ். சரி என்று இரண்டிரண்டு பேராகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் முக்காடாகக் கட்டிக்கொண்டார்கள். வாராவாரம் அந்த நடை தொடர்ந்தது. 1983-ல் ஆட்சி விழுந்தது. 1985-ல் தளபதிகள் சாதாரண நீதிமன்றத்தில் கூண்டில் நின்றார்கள். இருவருக்கு ஆயுள் தண்டனை.

தென்கொரியா இன்னும் சமீபத்துக் கதை. 1980 மே மாதம் குவாங்ஜு நகரத்தில் ராணுவம் நூற்றுக்கணக்கான மக்களைக் கொன்றது. பின்னாளில் அந்தச் சர்வாதிகாரி சுன் டூ-ஹ்வான் மேல் வழக்கு நடத்தித் தண்டித்தார்கள். பள்ளிப் பாடத்திலும் சினிமாவிலும் நாவலிலும் குவாங்ஜுவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2024 டிசம்பர் 3 ராத்திரி, ஜனாதிபதி யூன் சுக்-யோல் டிவியில் வந்து ராணுவச் சட்டத்தை அறிவித்தார். மக்கள் தூங்கப் போகவில்லை. நாடாளுமன்றத்தை நோக்கி ஓடினார்கள். வாசலில் போலீஸ் மறித்ததும் எம்.பி-க்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள். 67 வயது சபாநாயகரும் அப்படித்தான் உள்ளே போனார். 190 பேர் கூடி, 190 பேரும் ராணுவச் சட்டத்துக்கு எதிராக ஓட்டுப்போட்டார்கள். சுமார் ஆறு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. 2025 ஏப்ரல் 4-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

பர்மாவில் ஆட்சியைப் பிடித்ததற்காக எந்தத் தளபதியும் கூண்டில் ஏறவில்லை. அங்கே மறுபடி மறுபடி அதுவே நடந்தது.

நாமும் எமர்ஜென்சிக்குப் பிறகு சில பூட்டுகளைப் போட்டோம். 1978-ல் வந்த 44-வது திருத்தத்தின்படி, 'உள்நாட்டுக் குழப்பம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி இனி அவசரநிலை கொண்டுவர முடியாது; ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். அமைச்சரவை எழுத்துமூலம் சொல்ல வேண்டும். எந்த அவசரநிலையிலும் உயிர் வாழும் உரிமையைப் பறிக்க முடியாது. 1976-ல் அந்த உரிமை போனாலும் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னபோது, தனியாளாக நின்று மறுத்தவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா.

பூட்டு இருந்தாலும் வீட்டுக்காரர் விழித்திருக்க வேண்டும். அரசியலில் தனிமனித பக்தி கடைசியில் சர்வாதிகாரத்தில் கொண்டுவிடும் என்று 1949 நவம்பரிலேயே அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார் அம்பேத்கர்.

கப்பலூரில் என்ன செய்யலாம்?

கப்பலூர் இருக்கும் திருமங்கலம் வட்டாரத்துக்கு அரசியல் அகராதியில் ஒரு சங்கடமான இடம் உண்டு. 2009 ஜனவரி இடைத்தேர்தலில் ஓட்டுக்குப் பணம் கொடுத்ததாக எழுந்த புகார்களால், 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல்லே பிறந்தது. பணம் வாங்கி ஓட்டுப்போட்டால் அந்த எம்.எல்.ஏ-விடம் சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்க முடியாது. கேள்வி கேட்க முடியாததால் அரசியல் மேலேயே வெறுப்பு வரும். அந்த வெறுப்பிலிருந்துதான் 'மிலிட்டரி ஆட்சி வரணும்' என்ற பேச்சு கிளம்புகிறது. நே வின்னை உள்ளே கொண்டுவந்ததும் அந்த மாதிரி வெறுப்புதான்.

அதே வட்டாரத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. அதே டோல்கேட்டை எதிர்த்து உள்ளூர் மக்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். உள்ளூர் வண்டிகளுக்குக் கட்டணம் கூடாது, டோல்கேட்டையே எடுக்க வேண்டும் என்று மறியல், கடையடைப்பு, மனு, வழக்கு என எல்லாம் நடந்திருக்கின்றன. வேண்டியது முழுசாகக் கிடைக்காமல் இருக்கலாம். ஆனால், சாலையில் உட்கார்ந்து 'இது தப்பு' என்று சத்தம் போட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடிகிறது. ரங்கூன் மாணவர்கள் கேட்டது அதைவிடச் சின்ன விஷயம். ஹாஸ்டல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பதுதான்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பதில் தொடங்கி, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் நடக்கும் கிராம சபைக்குப் போவது வரை நம்மால் முடிந்த வேலைகள் நிறைய. பஞ்சாயத்து வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். வீட்டுப் பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் போய் உட்கார்ந்தாலே கூட்டத்தின் போக்கு மாறும். 'கொஞ்ச நாளைக்கு மட்டும்' என்று யாராவது ஓர் உரிமையை நிறுத்திவைக்கச் சொன்னால், எந்தத் தேதியில் திரும்பத் தருவார்கள், தராவிட்டால் யாரிடம் கேட்பது என்ற இரண்டு கேள்விகளையும் அன்றே கேட்டுவிட வேண்டும். அதனால் பாதிக்கப்படுவது நாம் இல்லை, பக்கத்துத் தெருக்காரர் என்றால் இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அதற்கு அவகாசம் குறைவு. 1964-ல் பத்து வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறிய பிள்ளைகள் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் போய் உட்காருங்கள். அங்கே கடை எந்தத் தெருவில் இருந்தது, நோட்டு செல்லாது என்ற அன்று அப்பா என்ன சொன்னார், கப்பலில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பேத்தியை விட்டு செல்போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். கேட்டால் சொல்வார்கள். இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.